செனட்டர் நின்ற இடங்கள்

ஏழாவது முறையாகச் செனட்டர் நின்றபோது ஆர்டித் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நாற்பது. புறப்பட்டு முப்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

செனட்டர் ஒரு கோவேறு கழுதை. பழுப்பு நிறம், முழ நீளக் காதுகள், இடது காதில் ஒரு வெட்டு. அது வெறுமனே நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதையின் வலது ஓரத்துக்குப் போய், ஒரு மரத்தை ஒட்டி, அவள் வலது தோளில் கிளை இடிக்கும்படி நின்றது. காதுகளைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு எதற்கோ காத்திருந்தது. அவள் தொப்பி இரண்டு தடவை கிளையில் மாட்டிக்கொண்டது.

"போடா," என்றாள் மெதுவாக. மெதுவாகத்தான் அவளுக்குப் பேச வரும்.

நாக்கைச் சொடுக்கிப் பார்த்தாள். குதிகாலால் தட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்து, அவள்மேல் நம்பிக்கை இழந்ததுபோல் பெருமூச்சு விட்டு, செனட்டர் தானாகவே நடந்தது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு மரத்தடியில் நின்றது.

ஒரு வியாபாரியிடம் வாங்கிவந்து ஊரில் இரண்டு மாதம் பழகியபோது அது ஒருநாள்கூட நின்றதில்லை. அண்ணன் வான்ஸின் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வந்தது. ஓடையைத் தாண்டியது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையில் தபால் நிலையம்வரை போய்த் திரும்பியது. மிசௌரி மலைகளில் இதைவிட அடக்கமான பிராணி இல்லை என்று நம்பித்தான் அவள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

போட்டியும் கடினமானது அல்ல. ஓட்டப்பந்தயம் கிடையாது, முந்தி வந்தால் பரிசும் கிடையாது. காட்டுக்குள் கட்டியிருக்கும் ஆரஞ்சு ரிப்பன்களைப் பார்த்துக்கொண்டே சனிக்கிழமை இருபது மைல், ஞாயிற்றுக்கிழமை பதினைந்து மைல் போக வேண்டும். வழியில் கால்நடை மருத்துவர் நாடி பார்ப்பார். பிற்பகல் மூன்று மணிக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும். "மேல உக்காந்திருந்தா போதும்" என்று சொல்லித்தான் ட்வைலா அவளைச் சேர்த்துவிட்டாள். ட்வைலா மண் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேஜைக்காரி.

ஆனால் இந்த மூன்று மணியைத்தான் வான்ஸ் பிடித்துக்கொண்டான். டிரெய்லரில் செனட்டரை ஏற்றும்போதே சொல்லிவிட்டான்.

"ரெண்டு நாளும் நேரத்துக்குள்ள வந்து சேர்ந்தா அவன் இருக்கட்டும். இல்லைன்னா திங்கக்கிழமை சந்தை. என் புல்லைத் தின்னுட்டு சும்மா நிக்கிறதுக்கு என்கிட்ட கன்னுக்குட்டிங்க இருக்கு."

ஆர்டித் ஒரு நாளில் பேசும் பேச்சில் முக்கால்வாசி செனட்டரிடம் பேசுவது. மீதி பரிசோதனைக் கூடத்தில் பேசுவது, அதிலும் பாதி எண்கள். அவள் டிரெய்லர் கதவைத் தாழிட்டாள்.

எட்டாவது மரத்தடியில் அவள் பையிலிருந்து ஓட்ஸ் பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினாள். செனட்டர் தின்றது, உடனே நடந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தாள். ஒன்பதாவது மரத்தடியில் அது நின்று கழுத்தைத் திருப்பி அவள் பையைப் பார்த்தது. பத்தாவதில் வாயைத் திறந்துகொண்டே திரும்பியது. பதினோரு மணிக்குப் பிஸ்கட் தீர்ந்தது. அதற்குப் பிறகு, முன்பு ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மூன்று நிமிடம் நின்றது.

ட்வைலா அவளுக்கு அரை மணி நேரம் பின்னால் புறப்பட்டவள். தன் சாம்பல் நிறப் பெண் குதிரையில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"இன்னும் இங்கதான் இருக்கியா? நீ ஊருக்கே போயிட்டேன்னு நினைச்சேன்."

ஆர்டித் விஷயத்தைச் சொன்னாள். ட்வைலா அதற்குக் கைவசம் வைத்தியம் வைத்திருந்தாள். கோவேறு கழுதைக்குத் தாய் ஒரு குதிரைதானே, அதனால் பெண் குதிரையைக் கண்டால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்துவிடும், அதுவும் சாம்பல் நிறம் என்றால் கேட்கவே வேண்டாம் என்றாள். முன்னால் போனாள்.

சாம்பல் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. உதைக்கும் குதிரை, விலகிப் போ என்று அதற்கு அர்த்தம். அந்த வட்டாரத்தில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த அடையாளம். செனட்டர் ஓட்டமும் நடையுமாக அதன் பின்னால் போனது. ஓடையில் குதிரை தண்ணீர் குடிக்க நின்றபோது நேராக அதன் வாலருகே போய், வால் தன் வலது பக்கம் வரும்படி ஒட்டி நின்று, காதுகளைப் பின்பக்கம் திருப்பியது.

குதிரை உதைத்தது. உதை ஆர்டித் கால் நுழைத்திருந்த இரும்பு அங்கவடியில் பட்டு மணி அடித்ததுபோல் ஒலித்தது. அவள் விரல்கள் தப்பின. ட்வைலாவின் தண்ணீர் பாட்டில் தப்பவில்லை.

"சிவப்பு ரிப்பன் தெரியலையா உன் ஆளுக்கு?"

"தெரியுது போல. அதான் பக்கத்துல போறான்."

ட்வைலா சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சை ரிப்பனை எடுத்தாள். புதிதாக வந்த பிராணி என்பதற்கு அது அடையாளம். பச்சையைப் பார்த்தால் எல்லோரும் தள்ளிப் போவார்கள், இவனும் யாரையும் இடிக்க மாட்டான் என்று சொல்லிச் செனட்டரின் வாலில் கட்டிவிட்டு, தன் குதிரையைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

செனட்டர் திரும்பித் தன் வாலைப் பார்த்தது. வலது பக்கமாக ஒரு சுற்று சுற்றியது. ரிப்பன் கூடவே வந்தது. இன்னொரு சுற்று சுற்றியது.

நாடி பார்க்கும் இடத்துக்கு அவர்கள் சுற்றிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் ஸ்டெகல் கூடவே சுற்றி ஓடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

"நாடி முப்பத்தெட்டு. பிரமாதம். ஆனா இவன் ஏம்மா சுத்துறான்?"

ரிப்பன், என்றாள் ஆர்டித். அவருக்குக் கேட்கவில்லை. அட்டையில் 'தலைச்சுற்றல்?' என்று எழுதினார். சாயங்காலமும் இப்படிச் சுற்றினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவேன் என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் இறங்கி ரிப்பனை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். செனட்டர் நேரானது. அடுத்த மரத்தடிவரை நேராகவே போனது. அங்கே நின்றது.

இரண்டு ஐம்பத்தாறுக்கு முகாமுக்குள் நுழைந்தார்கள். வான்ஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நாலு நிமிஷம் மிச்சம். நடந்தே வந்திருக்கலாமே."

"நடந்துதான் வந்தோம்," என்றாள்.

சாயங்காலம் அவள் தன் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவை நின்றதையும் அவள் குறித்து வைத்திருந்தாள். நேரம், சரிவு, மரம், நிழல் என்று நான்கு பத்திகள். மொத்தம் தொண்ணூற்றேழு. ஓக் மரத்தடியில் அறுபத்தொன்று, ஹிக்கரி இருபத்திரண்டு, சீடர் பதினான்கு. எல்லாமே மரத்தடியில்தான். ஆனால் காட்டில் மரத்தடியைத் தவிர நிற்பதற்கு வேறு இடம் இல்லை என்பதால் அந்த முடிவால் பயன் இல்லை. சரிவுக்கும் நிற்பதற்கும் தொடர்பு இல்லை. நிழலுக்கும் இல்லை. இவ்வளவு மோசமான தரவை அவள் பரிசோதனைக் கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

அவன் பயப்படுகிறான், பாட்டுப் பாடு என்று ட்வைலா கொஞ்சம் எட்டி நின்று யோசனை சொன்னாள்.

ஆர்டித் தேவாலயத்தில்கூட வாயை மட்டும் அசைப்பவள். ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு துதிப்பாடலை முணுமுணுத்தாள். செனட்டர் நின்றது. கொஞ்சம் சத்தமாகப் பாடினாள். அப்போதும் நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய ஓக் மரத்தை ஒட்டி நின்றுகொண்டு அசையவே மாட்டேன் என்றது. நோட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடிவாளத்தை இடது பக்கம் பலமாக இழுத்து, பற்களுக்கிடையே முழுக் குரலில் பாடினாள்.

செனட்டர் ஒரு தடவை மரத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இடது பாதையில் இறங்கி நடந்தது.

நடந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆர்டித் நோட்டில் 'பாட்டு வேலை செய்கிறது' என்று எழுதி அடிக்கோடிட்டாள். தெரிந்த துதிப்பாடல்கள் தீர்ந்து கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வந்திருந்தாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு சத்தமாகப் பாடியதில்லை. நன்றாக இருந்தது.

மரங்கள் முடிந்து ஒரு வேலி வந்தது. வேலிக்கு அப்பால் டிராக்டர்மேல் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை காத்திருந்தார்.

"போட்டிக்கு வந்தவங்களா? ரிப்பன் எல்லாம் மலைக்கு அந்தாண்டை கட்டியிருக்காங்க. இது என் மாட்டுக் கொட்டகை." பிறகு மரியாதைக்காகச் சேர்த்துக்கொண்டார். "ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு."

வந்த வழியே திரும்பினார்கள். பாதை பிரிந்த இடத்துக்கு வந்தபோது மணி ஒன்று இருபது. அங்கே ஆறு பேர் குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செனட்டர் நேராக அதே ஓக் மரத்தடிக்குப் போய் நின்றது.

ஆர்டித் ஆறு பேரையும் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமையை நினைத்தாள். நாற்பது நிமிடத் தரவு பாட்டு வேலை செய்கிறது என்று சொன்னது. தரவை அவள் மறுப்பவள் அல்ல.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டு சரணங்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெரியவர் பின்குரல் கொடுத்தார். ஒரு குதிரை சாணம் போட்டது. செனட்டர் மட்டும் அசையவில்லை.

அவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பதினான்கு.

டாக்டர் ஸ்டெகல் நாடி பார்த்தார். முப்பத்தாறு. இந்த முகாமிலேயே களைப்பு என்றால் என்னவென்று தெரியாத பிராணி இதுதான் என்றும், நேரம் தப்பியதால் எந்த இடமும் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். கடைசியாக வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு பரிசு உண்டு. நடுவில் ஆமைப் படம் வைத்த பெரிய ஆரஞ்சு ரிப்பன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்டித் காதுவரை சிவந்து அதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வான்ஸ் அவளிடம் பேனாவை வாங்கி, லாரியின் என்ஜின் மூடிமேல் சந்தைப் படிவத்தை வைத்து நிரப்பினான். பெயர், நிறம், வயது. கையெழுத்துப் போடும் முன் அவன் கண் ரிப்பனில் விழுந்தது.

"அதை இப்படிக் குடு. டிரெய்லர் கதவுல தொங்கட்டும். வாங்க வர்றவன் ஏதோ பரிசு வாங்கினவன்னு நினைப்பான்."

கட்டினான். செனட்டரைக் கொண்டுவந்தான். செனட்டர் கதவுவரை வந்து, வலது விலாவைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றது.

வான்ஸ் இழுத்தான். தள்ளினான். தீவன வாளியைக் காட்டினான். ட்வைலா வந்தாள், டாக்டர் வந்தார், பின்குரல் கொடுத்த பெரியவர் வந்தார். பின்னால் கயிறு போட்டு நான்கு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். செனட்டர் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டது. ஆர்டித் பேனாவைத் திரும்ப எடுத்து நோட்டில் எழுதினாள். 'மூன்று ஐம்பத்திரண்டு. டிரெய்லர். மரம் இல்லை.'

சாப்பாட்டு மேஜையில் கேக் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெயர் வெர்னா. கேக் கொடுப்பதற்காக அன்று மதியம்தான் வந்திருந்தார். செனட்டரின் இடது காதில் இருந்த வெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரூஃபஸ்?"

நீளக் காதுகள் இரண்டும் முன்னால் வந்தன.

வெர்னா கதவையும் ரிப்பனையும் பார்த்தார். நான்கு பேரையும் விலகச் சொன்னார். ரிப்பனின் முடிச்சை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"கட்டியாச்சு, ரூஃபஸ்."

செனட்டர் தானாகவே டிரெய்லருக்குள் ஏறிப்போய்த் தீவனத்தில் வாயை வைத்தது.

நான்கு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னாவே சொன்னார். அவர் கணவருக்கு முழங்கால் வலி. பதினோரு வருடம் இந்தப் போட்டிக்குப் பாதையெல்லாம் ரிப்பன் கட்டியது அந்தக் கணவர்தான், ஒரு தடவைகூடக் கீழே இறங்காமல், இந்த முதுகில் உட்கார்ந்துகொண்டே. பழைய ரிப்பன் தெரியும் கிளையை ஒட்டி, வலது கை எட்டும் தூரத்தில் போய் நிற்பது ரூஃபஸின் வேலை. 'கட்டியாச்சு' என்று கேட்கிறவரை அசையக் கூடாது என்பது கட்டளை. கணவர் இறந்தபின் வெர்னா அதை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார். வியாபாரி எதுவும் கேட்கவில்லை, இவரும் எதுவும் சொல்லவில்லை.

ஆர்டித் நோட்டைத் திறந்தாள். நேரம், சரிவு, மரம், நிழல். ஐந்தாவதாக ஒரு பத்தி போட இடம் இருந்தது. அவள் போடவில்லை. மூடினாள்.

வான்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தைத் தடவினான்.

"பேனாவைக் குடு."

ஆர்டித் கொடுக்கவில்லை. பேனாவை நோட்டுக்குள் வைத்து, நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் நல்ல கதைதாங்க," என்றான் வான்ஸ் வெர்னாவிடம். "ஆனா ரெண்டு நாள்ல, நேரத்துக்குள்ள முடிக்கணும்னுதான் எங்களுக்குள்ள பேச்சு. பதினாலு நிமிஷம் லேட்."

வெர்னா மீதிக் கேக்கை வெட்டத் திரும்பியவர் நின்றார்.

"லேட்டா? என் வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு இதே பாதையில ரிப்பன் கட்டி முடிக்க அவனுக்கு ஒம்பது நாள் ஆகும், தம்பி."