கொட்டேஷனாரின் கூரை

கூரையை யார் மடக்குவது என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

ஷோரூமின் நடுவே அந்தச் சின்னச் சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. மேலே துணிக் கூரை; இந்த வகைக்குக் கன்வெர்டிபிள் என்று பெயர். முன்கண்ணாடிக்கு மேல் இருக்கும் கொக்கியைக் கழற்றி, கையால் பின்னால் தள்ளினால் போதும், கூரை மடங்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் கொக்கியைக் கழற்றித் தள்ளினாள். தலைக்கு மேல் ஷோரூமின் விட்டமும் குழல்விளக்கும் தெரிந்தன. அதற்கே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா ஓடும்ல?" என்று விற்பனையாளரைக் கேட்டாள்.

"ஜம்முனு ஓடும்மா. சின்ன என்ஜின், பேஸ் மாடல். கூரை மட்டும் கையால தள்ளணும், அவ்வளவுதான்."

"சிவப்பு கிடைக்கும்ல?"

"இதையே எடுத்துக்கலாம்மா."

"அப்போ இது போதும்" என்றாள்.

கணவர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"தினம் கையால தள்ள முடியுமா? தோள் வலிக்காது?"

"தோள் வலி உங்களுக்குத்தான். எனக்கில்ல."

"யாருக்கு இருந்தா என்ன? வீட்டுல தோள் வலின்னு ஒண்ணு இருக்குல்ல?"

விற்பனையாளர் கையில் எடுத்திருந்த பேனாவை மெதுவாகச் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். பாவம், அவருக்கு இந்த மனிதரைப் பற்றி எதுவும் தெரியாது.

இவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. பென்சில் வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலை கேட்காமல் வாங்க மாட்டார். அதனால் அங்கே அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'கொட்டேஷனார்' என்பார்கள். நாமும் மரியாதை தெரிந்தவர்களாகவே இருந்துவிடுவோம்.

கொட்டேஷனாருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தப் பொருளை வாங்குவதானாலும், அதைத் தொடப்போகும் ஒவ்வொருவரிடமும் என்ன தேவை என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பிறகுதான் கடைக்காரரிடம் பேச வேண்டும். இந்த முறையில் அவர் வாங்கிப் போட்ட நாற்காலிகளில் அலுவலகத்தில் ஒருவராலும் ஒழுங்காக உட்கார முடிவதில்லை. ஆனால் 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. வீட்டிலும் இதே நிர்வாகம்தான். வரவேற்பறை ஜன்னலில் பழைய போர்வை ஒன்று பல வருடங்களாகத் தொங்குகிறது. திரைச்சீலை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அன்று காரிலிருந்து இறங்கும்போது மனைவி ஒன்றைத்தான் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல சொன்னீங்க, ஞாபகமிருக்கா? திறந்த கார்ல ஏரிக்கரை ரோட்ல கூட்டிட்டுப் போறேன்னு. அடுத்த பிறந்தநாளுக்காவது போகணும்."

"கண்டிப்பா போறோம்" என்றார் கொட்டேஷனார். மனதாரத்தான் சொன்னார். அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்த அழகு அவர் கண்ணிலேயே நின்றது. அதனால்தான் ஏனோதானோவென்று வாங்கிவிடக் கூடாது என்று முடிவு செய்தார். சனியன் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தேவைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். கூடவே இருக்கும் மாமியாரிடம் முதலில் போனார்.

"அத்தை, புதுக் கார்ல உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கென்ன மாப்பிள்ளை வேணும்? பின்னால கால் நீட்ட இடம் இருந்தா போதும். தலை கலையக் கூடாது. மழை வந்தா நனையக் கூடாது. தலைக்கு நேரா வெயில் வரக் கூடாது."

"கூரை திறக்கிற கார் அத்தை."

"திறக்கட்டும். என் பக்கம் மூடியிருக்கட்டும்."

அடுத்தது சகலை. மனைவியின் தங்கை கணவர். கார் விஷயத்தில் குடும்பத்துக்கே அவர்தான் ஆஸ்தான வித்வான். நாம் சட்டை மாற்றுவதுபோல அவர் கார் மாற்றுவார்.

"டர்போ இல்லாம ஒரு என்ஜினா அண்ணா? சின்ன என்ஜின்னா அது தையல் மெஷின். நாலு பேர் ஏறி மேம்பாலத்துல போனா, பின்னால வர்ற சைக்கிள்காரன் ஹாரன் அடிப்பான்."

"சைக்கிள்ல ஏதுப்பா ஹாரன்?"

"உங்களுக்காக வாங்கி மாட்டுவான்."

கடைசியாக மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டிலிருக்கும் பழைய காரைக் கணவர் தொழிற்சாலைக்கு எடுத்துப் போவதால் தினமும் பஸ். அன்றும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"உன்னோட தேவை என்ன?"

"மேல வானம் தெரியணும்."

"அப்படி மொட்டையா சொன்னா எப்படி? எவ்வளவு வானம்?"

மனைவி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'வானம் - அளவு பிறகு' என்று கொட்டேஷனார் மனதில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஷோரூமுக்குத் தனியாகப் போனார். விற்பனையாளரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. முதல் நாள் இருந்த பரபரப்பு இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார், ஏசியைக் கூட்டினார்.

"நிதானமா யோசிங்க சார். அவசரமே இல்ல."

இப்படியும் ஒரு விற்பனையாளரா என்று கொட்டேஷனார் நெகிழ்ந்துபோனார்.

"தோள் வலிக்காத கூரை வேணும்" என்றார்.

"பட்டனை அழுத்தினா மோட்டார் மடக்கிடும் சார். ஆனா அது நடு மாடல்லதான் வரும்."

"குடுங்க."

"மோட்டார் கனம் சார். சின்ன என்ஜின் கொஞ்சம் திணறும்."

"அப்போ டர்போ."

"டர்போ டாப் மாடல்ல மட்டும்தான் சார். டாப் மாடல்ல சக்கரம் பெருசு, வண்டி தாழ்வு."

தாழ்வு என்ற சொல் கொட்டேஷனாரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு அளவு நாடாவுடன் போனார். சரிவான பாதை தரையில் சேரும் இடத்தில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மேல்வீட்டுக்காரர் தன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல சார். இடிக்குமான்னு பார்க்கறேன்."

"எது சார்?"

"கார்."

"எந்தக் கார் சார்?"

"இன்னும் முடிவு பண்ணல."

மேல்வீட்டுக்காரர் அன்றிலிருந்து லிஃப்டில் அவருடன் தனியாக ஏறுவதைத் தவிர்த்தார்.

இடிக்கும் என்று தெரிந்தது. டர்போ வேண்டும், தாழ்வு வேண்டாம். சக்கரத்தை மாற்றலாமா என்று கேட்டார். மாற்றலாம், ஆனால் கார் தொழிற்சாலையிலிருந்து வர நாளாகும் என்றார் விற்பனையாளர். அதையும் சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் மாமியாரின் கால்கள் ஞாபகம் வந்தன. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். மோட்டார் கூரை மடங்கி வந்து சீட்டுக்குப் பின்னால் உட்காருவதால், சீட்டையே முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அவருடைய முழங்கால் அவருடைய தாடையில் முட்டியது. அந்த நிலையிலேயே பேசினார்.

"அத்தை இங்க உக்காரணும்."

"டிக்கியும் சின்னதாயிடும் சார். அதையும் சொல்லிடறேன்" என்றார் விற்பனையாளர் தேநீரை உறிஞ்சியபடி.

இப்படியே வாரங்கள் ஓடின. சின்ன என்ஜினுக்குப் போனால் மோட்டார் கூரை கனக்கும். கூரையை விட்டால் தோள் வலிக்கும். டர்போவுக்குப் போனால் தரை இடிக்கும். தரையைச் சரிசெய்தால் மாமியார் இடிப்பார். விற்பனையாளர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. "வேற ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று அவரே தூண்டிவிட்டார். டீயோடு பிஸ்கட்டும் வர ஆரம்பித்தது.

மற்ற இடங்களிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். சகலை தன் காரைத் தெருவில் நிறுத்த ஆரம்பித்திருந்தார்.

"கராஜ் என்னாச்சுப்பா?"

"பழைய சாமானெல்லாம் போட்டு வச்சிருக்கேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு, சகலை அவசரமாக டர்போ பற்றிப் பேசத் தொடங்கினார்.

மனைவியும் மாறியிருந்தாள். தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேலை முடிந்து தாமதமாக வந்தாள். தலைமுடி கலைந்திருக்கும், மூக்கு நுனி வெயிலில் கறுத்திருக்கும், வாயில் ஏதாவது பாட்டு இருக்கும்.

"என்ன, தலையெல்லாம் இப்படி?"

"ஜன்னல் சீட் கிடைச்சுது."

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததற்கே இவ்வளவு சந்தோஷப்படுகிறவளை நினைத்து அவருக்கு மனம் உருகியது.

ஒரு நாள்தான் அதைக் கவனித்தார். அவள் கார் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். முதலில் 'என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு 'எப்போ' என்று கேட்டாள், இப்போது எதுவுமே இல்லை. திரைச்சீலை விஷயத்திலும் இப்படித்தான் ஆனது. கேட்டாள், கேட்டாள், ஒரு நாள் போர்வையைத் துவைத்து மறுபடி அதையே மாட்டிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இந்தப் பிறந்தநாளும் தவறினால் அவள் திட்டக்கூட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில் மூளை வேலை செய்தது.

எல்லா வினையும் எங்கிருந்து வருகிறது? கூரை மடங்குவதிலிருந்து. மடங்குவதால் மோட்டார், மோட்டாரால் கனம், கனத்தால் டர்போ, டர்போவால் தாழ்வு. மடங்கி வந்து உட்காருவதால் அத்தைக்குக் கால் நீட்ட இடமில்லை. அப்படியானால் கூரை மடங்காமலே இருந்துவிட்டால்? மோட்டார் வேண்டாம், டர்போ வேண்டாம், டாப் மாடல் வேண்டாம். தோளும் வலிக்காது, தரையும் இடிக்காது, அத்தையும் நனைய மாட்டார். இத்தனை பேருடைய தேவையும் ஒரே அடியில் நிறைவேறுகிறது. வானம் மட்டும்தான் கொஞ்சம் குறையும். அளவுதான் அவள் சொல்லவே இல்லையே.

பிறந்தநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். கைப்பையில் கறுப்புக் கண்ணாடி.

"சாயந்திரம் எங்கயும் போயிடாதீங்க. நானே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஏரிக்கரைக்குப் போறோம்."

"பஸ்லயா?"

"கீழ வந்து நில்லுங்க, போதும்."

அந்தப் பெருந்தன்மை அவர் நெஞ்சைத் தைத்தது. வாக்குத் தவறிய கணவனைப் பஸ்ஸிலாவது ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறாள்! அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராக ஷோரூமுக்கு ஓடினார்.

"முடிவு பண்ணிட்டேன்!"

விற்பனையாளர் டீயைக் கீழே வைத்தார். "பண்ணிட்டீங்களா சார்?" என்றார், நெருங்கிய உறவு ஒன்று முறிவதைப் போல.

"சின்ன என்ஜின். பேஸ் மாடல். சிவப்பு."

"சார், அது அம்மா முதல் நாளே..."

"அவ சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னா. நான் ஆராய்ஞ்சு வந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல சார்."

"ஒரே ஒரு மாற்றம். கூரை திறக்கக் கூடாது. கொக்கியைக் கழற்றிட்டு, தகடு வச்சு நல்லா மூடி, வெல்டிங் பண்ணிடுங்க."



"அப்படி மூடிட்டா அது சாதாரணக் கார் சார்" என்றார் விற்பனையாளர் மெல்லிய குரலில். "உங்க வீட்டுல இருக்கிற பழைய கார் மாதிரியே."

"ஆனா இது கன்வெர்டிபிள்" என்றார் கொட்டேஷனார். "இன்னைக்கு அவ பிறந்தநாள். சாயந்திரம் நான் அவகிட்ட தலை நிமிர்ந்து சொல்லணும். சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன்னு."

விற்பனையாளர் மேஜை மேலிருந்த பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. சர்வீஸ் பிரிவு மெக்கானிக் பெண், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். விற்பனையாளர் கண்ணாலேயே ஏதோ ஜாடை காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

"சார், ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கிற அம்மாவோட வீட்டுக்காரர் நீங்கதானே?"

"ஆமாம்மா, நான்தான்" என்றார் கொட்டேஷனார், நிமிர்ந்து உட்கார்ந்து.

"நல்லதாப் போச்சு சார். அம்மாவோட சிவப்பு வண்டிக்கு முதல் சர்வீஸ் முடிஞ்சிருச்சு, கூரையை மூடித் தரவா, அவங்க எப்பவும் ஓட்டற மாதிரி திறந்தே தரவா?"