சொல்தா தட்டிப் பார்த்த அஞ்சலி

பத்தாம் வகுப்போடு நின்றவன் பத்திரிகையில் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் எனக்கு வாயே வராது.

சொல்தா, செத்தவர்களை நம்புவார். அழுகிறவர்களை மட்டும் நம்பவே மாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களுக்கு எங்கள் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றுதான் பெயர். முதலியார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பேனர் கடைக்கு இவர் தினமும் வருவார். கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குப் பாட்டு எழுதுவது நான். அச்சாகும் முன் அதை மேசையில் விரலால், சீருக்கு ஒரு தட்டாக, தட்டித் தட்டி விசாரிப்பது அவர். போலீசில் திருடனைக்கூட அப்படித் தட்டமாட்டார்கள்.

ஒருநாள், மாமனார் இறந்துபோனார் என்று ஒரு மருமகன் வந்தார். ‘ஓடி ஓடி உழைத்தவரே, உறங்கிப் போன உத்தமரே’ என்று எழுதிக் கொடுத்தேன். சொல்தா தட்டினார். டீ கிளாஸ் ஆடியது.

“துள்ளுதே தம்பி! வரிக்கு வரி குதிக்குது. இது அழுவுறவன் பாட்டா?” மருமகனை மேலும் கீழும் பார்த்து, பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார். “முசே, மாமனாரு எப்புடி செத்தாரு?”

“யோவ் பெருசு, சுகர்ல செத்தாருய்யா!”

“அவருக்கு ஸ்வீட்டு வாங்கிக் குடுத்தது யாரு?”

மருமகன் வேறு கடைக்குப் போய்விட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சந்தம்தான். காதணி விழாவானாலும் கருமாதியானாலும் அதேதான்.

போன மாதம் சொல்தா, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். “எனக்கும் ஒண்ணு எழுதிக்குடு.”

“ஐயா, நல்லாத்தானே இருக்கீங்க?”

“பசங்க பிரான்சுல இருக்கானுங்க. எதையாவது அடிச்சிப் போடுன்னு உனக்கு போன் வரும். நீ என் மூஞ்சிக்குக் கீழயும் குதிக்க வுட்டுடுவ. உயிரோட இருக்கும்போதே தட்டிப் பாத்துடணும்.”

எழுதியதையெல்லாம் தட்டினார். “பொய். யாரோ செத்ததுக்கு யாரோ எழுதுனது” என்று திருப்பித் தந்தார். கடைசியில் துள்ளலை விட்டுவிட்டு, அகவல் நடையில் இரண்டே வரி எழுதினேன்.

*மேசை தட்டிய விரல்களைக் காணோம்*
*பிழையென யாரினிச் சொல்வார்*

முதல் வரிக்கு நாலு தட்டு. அடுத்ததில் மூன்றுதான் வந்தது. நாலாவதுக்குத் தூக்கிய விரல் அந்தரத்தில் நின்றது.

“ஒரு சீர் குறையுது.”

“தெரியுதுங்கய்யா. எதைப் போட்டாலும் ஒட்டல.”

என் முகத்தையே சந்தேகமாகப் பார்த்தார். “அழுதியா?”

“இல்லீங்க.”

“பொய்” என்றார். விரலை மெல்ல இறக்கினார். “ஒண்ணும் சேக்காத. இப்படியே வச்சிரு.”

மறுநாள் தன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்ததாம். வாங்கி உள்ளே வைத்தேன்.