டிக்கி அளந்து வாங்கிய கார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உண்மை நிலவரம் பின்னால் வரும். தாங்களும், வீட்டில் அக்காவும், தற்சமயம் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

போன வாரம் யாரோ ஒருவர் தங்களைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி உயிரோடதான் இருக்காங்களா? அவங்க குரலைக் கொஞ்சம் கேக்கணும்" என்று சொன்னதாகவும், தாங்கள் பதறிப்போய்த் தண்ணீர் குடித்ததாகவும் கேள்விப்பட்டேன். அவர் நல்ல மனிதர். பழைய கார் புரோக்கர். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ரூம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். எனக்கு மட்டும், "சாருக்குப் பாட்டுன்னா உயிரு" என்று எல்லாரும் கூடி யோசித்து, ஒரு ஆம்ப்ளிஃபயரும், தாளத்தின் அடியை மட்டும் அதிர அதிரக் கொடுக்கிற, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு பேஸ் பெட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அது காரில் வைக்கிற சாமான் என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. என்னிடம் கார் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. மாலை போட்டுக் கைதட்டும்போது போய், "இது எனக்கு ஆகாதுங்க" என்று சொல்ல முடியுமா? வாங்கி வந்து, ஒரு லாரி பேட்டரியை ஹாலில் வைத்து, அதில் இணைத்துப் பாட்டைப் போட்டேன். சமையலறை அலமாரியில் இருந்த டம்ளர்கள் வரிசையாக நகர்ந்து வந்து கீழே விழுந்தன. மாடி வீட்டுக்காரர் செருப்பில்லாமல் இறங்கி வந்து நிலநடுக்கமா என்று கேட்டார். இல்லை, பாட்டு என்றேன். பம்ப் ரூமில் மூன்று மோட்டாருக்கு நடுவில் காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமாகவே தெரியவில்லை, மச்சான். உங்கள் தங்கை பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதன் பிறகு பெட்டியைக் கட்டினாள். பேஸ் பெட்டியை அல்ல, துணிப் பெட்டியை. "கார்ல வைக்கிற சாமானைக் கார்ல வைங்க. கார் இல்லன்னா வாங்கி வைங்க. அதுவரைக்கும் நான் எங்கண்ணன் வீட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் கோபத்தில் சொன்னாள் என்று தாங்கள் சொல்வீர்கள். நான் முப்பது வருஷம் மேலிடத்து உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிப் பழகியவன். ஆகவே கார் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது ஸ்டீரியோ பொருத்துகிறவர் கடைக்கு. கார் வாங்குவதற்கு முன்னால் யாராவது ஸ்டீரியோக்காரரிடம் போவார்களா என்று கேட்காதீர்கள், அவரும் அதைத்தான் கேட்டார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சின்ன வண்டியில இதைப் போட்டா கதவு கழண்டு கையோட வந்துரும் சார். கனமான கதவு வேணும். பெரிய பணக்கார வண்டியாப் பாருங்க. புதுசு வேணாம், அதுக்கு நீங்க இன்னும் ரெண்டு தடவை ரிட்டயர் ஆகணும். பழசாப் பாருங்க" என்றார். டிக்கி அகலம், ஆழம், கதவின் கனம், காரின் முன்பக்கம் பாட்டுப் போடுகிற பழைய செட்டைக் கழற்றினால் புது செட் உட்காருகிற ஓட்டை, இந்த நாலும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார். இஞ்சினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புரோக்கர் காட்டிய முதல் வண்டி வெள்ளை நிறம். அவர் முன்பக்கம் போய் மூடியைத் திறந்து, "இஞ்சின் பாருங்க சார், சொக்கத் தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கம் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல எதை வைக்கப் போறீங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "வீட்ல ஒண்ணு இருக்குங்க. நல்ல கனம், தனியாத் தூக்க முடியாது. வெளிய தெரியாம போர்வை போட்டு மூடி வைக்கணும்" என்றேன். திருடர் பயம் இருக்கிறதல்லவா, மச்சான். அவர் டிக்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா சார்?" என்றார். "அவ இப்ப இல்லைங்க. சத்தம் தாங்கல, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றேன். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால் என்று சொல்லி நெருங்கிய சொந்தக்காரர் நம்பர் ஒன்று கேட்டார். அவள் அண்ணன் என்று சொல்லித் தங்கள் நம்பரைக் கொடுத்தேன். தங்களுக்கு வந்த போனுக்கு இதுதான் காரணம். உங்கள் தங்கை போனை வாங்கி அவரைப் பொரிந்து தள்ளியதில் அவருக்கு அப்படியொரு நிம்மதியாம். அதிலிருந்து என்னிடம் ரொம்பப் பாசமாக இருக்கிறார்.

வெள்ளை வண்டியின் டிக்கியில் நாலு விரற்கடை குறைந்தது, விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு நீல வண்டி. அதில் இடமெல்லாம் தாராளம், ஆனால் பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்திருந்தார்கள். இஞ்சின் முன்னால், பேட்டரி பின்னால்! இவ்வளவு விலை போட்டு வாங்குகிற வண்டியில் ஒரு சாமானும் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மூன்றாவது, விற்பதற்காகப் புரோக்கர் கடைக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டருடையது. கறுப்பு நிறம், கதவைச் சாத்தினால் பேங்க் லாக்கர் மாதிரி ஒரு சத்தம், அதோடு வெளியுலகமே இல்லை. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், டாக்டர் வெளியே நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அந்த இடத்திலேயே இந்த வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டீரியோக்காரரை வரவழைத்து வைத்துப் பார்த்ததில் பெட்டியும் டிக்கியில் வைத்தது வைத்தபடி உட்கார்ந்தது. கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அந்த செட்டை மட்டும் கழட்டிடாதீங்கன்னு சொன்னேன்" என்றார்.

ஆனால் அதற்குள் வாசலில் ஸ்டீரியோக்காரர் கழற்றியிருந்தார். அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. அந்தக் காரில் பாட்டுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே மூளையாம். செட்டை உருவியதும் ஏசி நின்றது, கண்ணாடி பாதியில் நின்றது, கதவுகள் நாலும் பூட்டிக்கொண்டன. ஸ்டீரியோக்காரர் உள்ளே. பின் கண்ணாடி இறங்கியிருந்த இடைவெளி வழியாக அவருக்கு டீ கொடுத்தோம். குடித்துவிட்டு, ஏதோ இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பின்னால் எடுக்கும்போது எதிலாவது இடிக்கப்போனால் கீ கீ என்று கத்துகிற வசதியும் அந்தச் செட்டோடு போய்விட்டது என்பது எனக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தேன். வண்டி கத்தவே இல்லை. புரோக்கர் கடை ஷட்டர்தான் கத்தியது. அவர் நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார். "அம்மா நல்லா இருக்காங்கல்ல, அது போதும் சார்" என்றார்.

ஒருவழியாகப் புது செட், ஆம்ப்ளிஃபயர், பெட்டி எல்லாம் மாட்டி, எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்திப் பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் டிக்கி மூடி திறந்து திறந்து மூடியது. தெருவில் நின்ற அத்தனை வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. மாடி வீட்டுக்காரர் இந்தத் தடவை செருப்புப் போட்டுக்கொண்டுதான் வந்தார். "வீட்டுக்குள்ள வச்சிருந்தப்பவே பரவாயில்ல சார்" என்றார்.

போதும் மச்சான். நேற்று எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டேன். பெட்டி ஸ்டீரியோக்காரர் கடையிலேயே கிடக்கட்டும், யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். காரின் மூளை வேலை செய்வதற்காக டாக்டருடைய பழைய செட்டைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. அது தேய்ந்த குரலில் ஏதோ முனகும், அவ்வளவுதான். இனி வீட்டிலும் சத்தம் இல்லை, காரிலும் சத்தம் இல்லை. இனி ஜென்மத்துக்கும் இந்த வீட்டில் ஒரு பாட்டுச் சத்தம் கேட்காது என்று எழுதிக் கையெழுத்தே போட்டுத் தருகிறேன்.

பம்ப் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. மோட்டார் ஓடுகிறவரை அடித்துப்போட்டது மாதிரி தூங்குவோம். நின்றால் சட்டென்று விழிப்பு வந்துவிடும். உங்கள் தங்கை போன நாளிலிருந்து நான் விழித்துக்கொண்டேதான் இருக்கிறேன். காலையில் எழுந்து திட்டு வாங்காமல் குடிக்கிற காபி ஒரு காபியாகவே இல்லை. எனக்கு அவள் வேண்டும், மச்சான். நயமாகப் பேசி எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்து விடுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் யாரும் பரிசாகக் கிடைக்கிற எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வரவை எதிர்நோக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. உங்கள் தங்கை, தங்களிடம் கோயிலுக்கு என்று சொன்னாளோ கடைக்கு என்று சொன்னாளோ, துணிப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், சாவி கேட்டாள், உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். செட்டைத் திருகி ஏதோ ஒரு ஸ்டேஷன் பிடித்தாள். கண்ணாடிக்குள்ளே அவள் வாய் அசைகிறது. சேர்ந்து பாடுகிறாள், மச்சான்! எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அவள் பாடியதே இல்லை. அப்புறம் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "என்னங்க இது, தாளத்தோட அடியே கேக்கல. அந்தப் பெட்டி எங்க?" என்றாள். "சத்தம் பிடிக்கலன்னுதானே போன?" என்றேன். "சத்தம் பிடிக்கலன்னு நான் எப்பச் சொன்னேன்? உங்க பாட்டுதான் பிடிக்கல" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அது என்ன பாட்டு என்று நானும் தட்டித் தட்டிக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கதவில்தான் ஒன்றும் கேட்காதே. பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்ல ஸ்டீரியோக்காரர் கடைக்கு உறையை ஒட்டியதும் ஓடப்போகிறேன். தாங்கள் எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். அவளுக்கு எந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும்? கூடப் பிறந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுதுங்கள். நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.