விமானியிடம் சொல்லக் கூடாதது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கையின் கணவர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு வீடு நலம். கூரை நலம். தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதுவும் இப்போது நலம். என் நலத்தைப் பற்றி மட்டும் இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இருக்காது. அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன். அங்கு தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தங்கையின் நலம் தங்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்வாரில்லை.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்காமலா இருந்தேன். எப்போது கூப்பிட்டாலும் தங்கள் வீட்டம்மாதான் எடுக்கிறார்கள். "தூங்குறாங்க அண்ணே" என்கிறார்கள். காலையில் கூப்பிட்டால் இப்போதுதான் படுத்தாள், மத்தியானம் கூப்பிட்டால் அசந்து தூங்குகிறாள், சாயங்காலம் கூப்பிட்டால் இன்னும் எழவில்லை. இந்த வீட்டில் இருந்தவரை அவள் பகலில் கண் மூடி நான் பார்த்ததில்லை. நான் கண் மூடினால்கூட அவளுக்குப் பொறுக்காது, "ஏங்க, தூங்குறீங்களா?" என்று எழுப்பிக் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு அண்ணன் வீட்டில் மட்டும் இவ்வளவு தூக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மாரடைப்பு வந்தவளுக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கடிதம் என்றால் யாரையும் எழுப்பாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'மாப்பிள்ளை பொய் எடை சொல்லி ஹெலிகாப்டரையே கவிழ்க்கப் பார்த்தார்' என்று தாங்கள் நாலு பேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். முப்பது வருஷம் கல்குவாரிச் சாலை எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை நிறுத்தவன் நான். எந்த டிரைவர் வாயால் சொன்ன எடையையும் நான் எழுதிக்கொண்டதில்லை. "தராசு வந்துட்டார், இனி ஒரு கல்லு கூடாது" என்று அவர்கள் வைத்த பெயர் தங்களுக்கும் தெரியும். அந்த வேலை எனக்கு மிச்சம் வைத்தது அந்தப் பெயரும், கல்தூசி கொடுத்த இந்த இருமலும்தான். அன்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், பிறகு தாங்களே நிறுத்துப் பாருங்கள்.

அன்று காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பார்க்க முடியாதுங்க. பாலம் வேலை நடக்குது, மலையைச் சுத்திப் போனா நேரம் பத்தாது. ஹெலிகாப்டரைக் கூப்பிடுறேன்" என்றார். யாருக்கு என்று நான் கேட்டேன், மச்சான். அவ்வளவு பெரிய வண்டி எங்கள் வீட்டு ஆளுக்காக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில்தான் இறங்க வேண்டும் என்று ஆயிற்று. தீயணைப்பு வண்டி வந்து புழுதி கிளம்பாதபடி மண்ணை நனைத்தது. கோல் கம்பத்தில் கட்டியிருந்த வலையைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். தீயணைப்பு அதிகாரி எங்களைச் சுவரோரமாக நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். தொப்பி, துண்டு, பிளாஸ்டிக் பை எதுவும் கையில் இருக்கக் கூடாது, விசிறி நிற்காமல் யாரும் கிட்டப் போகக் கூடாது, விமானி பார்த்துக் கை காட்டினால் அவர் கண்ணெதிரே முன்பக்கமாகத்தான் போக வேண்டும், வால் பக்கம் போனால் அங்கே ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது, அது கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஆளைத் தெரிந்துகொள்ளும் என்றார். எல்லாவற்றுக்கும் நான்தான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் முகத்தில் வெயில் படுகிறதே என்று கக்கத்தில் இருந்த குடையை எடுத்து விரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஹெலிகாப்டர் மரத்துக்கு மேலே வந்தது. குடை என் கையில் இல்லை. அது போகிற திசையைப் பார்த்து அதிகாரி ஓடினார், அவர் பின்னால் இரண்டு பேர் ஓடினார்கள், ஹெலிகாப்டர் இறங்காமல் அப்படியே மறுபடி மேலே போய்விட்டது. ஒருவர் குடையின் மேல் குப்புற விழுந்து அதைப் பிடித்தார். "யோவ் பெரியவரே, இதைத்தானேய்யா இவ்வளவு நேரம் சொன்னேன்" என்று அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து தங்கள் தங்கையும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

ஹெலிகாப்டர் மறுபடி வந்து இறங்கிய பிறகு அதிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தார். சின்ன வயசு, ஆனால் எறும்பு மாதிரி சுறுசுறுப்பு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இவங்க எடை எவ்வளவு?" நான் யோசிக்கவே இல்லை, மச்சான். "அறுபத்திரண்டு" என்றேன். எங்கள் வீட்டில் அதுதான் எடை. கல்யாணமான வருஷத்தில் சொன்னது, அதன்பிறகு நான் மறுத்துப் பேசியதில்லை. ஊரிலுள்ள லாரியெல்லாம் என்னிடம் பொய் சொல்ல முடியாது, வீட்டில் மட்டும் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறவன் நான். குடும்பம் நடத்துகிற தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நர்ஸம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெயில் இப்படி அடிக்குது, சுத்தி மரம், கம்பி. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கு. தப்பாச் சொன்னா மேல ஏறுறது கஷ்டமாயிடும். மருந்துகூட எடையைப் பார்த்துத்தான் போடணும்" என்றார். அப்போது அவள் முகமூடியைத் தன் கையாலேயே கொஞ்சம் தூக்கினாள். "எழுபத்தெட்டு" என்றாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

அதுவரை நான் பயப்படவில்லை, மச்சான். டாக்டர் சொன்னபோதும் பயப்படவில்லை, ஹெலிகாப்டரைப் பார்த்தபோதும் பயப்படவில்லை. அவள் வாயால் அந்த எண்ணைச் சொன்னாளே, அப்போதுதான் பயந்தேன்.

என் எடையையும் கேட்டார்கள். எழுபத்தாறு என்று உள்ளதைச் சொன்னேன். நர்ஸம்மா போய் விமானியிடம் பேசிவிட்டு வந்து, "உங்களுக்கு இடம் இல்லை சார், நீங்க ரோடு வழியா வந்துடுங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, நேரே விமானியை நோக்கிப் போனேன். முன்பக்கமாகத்தான் போனேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஸ்ட்ரெச்சரின் பக்கமே திரும்பாமல் மலை உச்சியில் திரண்டுகொண்டிருந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, அது என் சம்சாரம், நாங்க ரெண்டு பேருந்தான்..." என்று தொடங்குவதற்குள் நர்ஸம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். "அவர்கிட்ட நோயாளியைப் பத்திப் பேசக் கூடாது சார்" என்றார். "ஏம்மா, யாரைத் தூக்கிட்டுப் போறோம்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன். "வேண்டாம். வானம் எப்படி, காத்து எப்படி, எடை எவ்வளவு, இது மட்டும்தான் அவருக்குச் சொல்லுவோம். சின்னக் குழந்தைன்னு சொன்னாலோ, நீங்க அழுறது காதுல விழுந்தாலோ, பறக்கக் கூடாத நேரத்துல பறந்துடுவாரு. அப்புறம் உங்க சம்சாரமும் இல்லை, நாங்களும் இல்லை" என்றார். கல்நெஞ்சக்காரன் என்று அந்த மனிதரை மனசுக்குள் திட்டியதை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவர் மேகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "போகலாம்" என்றார்.

ஏற்றுவதற்கு முன்னால், உதிரியாக எதுவும் இருக்கக் கூடாது என்று அவள் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். மரத்துக்கு மேலே ஹெலிகாப்டர் எழும்பித் திரும்பியபோது சன்னலில் அவள் முகம் தெரிந்த மாதிரி இருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். மலைக்கு அந்தப் பக்கம் அது மறைகிறவரை ஆட்டினேன். பிறகுதான் ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் கண்ணாடியும் இருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிரில் இருக்கிற சுவரே மங்கல். அவள் பார்த்திருக்கமாட்டாள்.

பிறகு நடந்தது தாங்கள் அறிந்தது. மலையைச் சுற்றி நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு அடைப்பை எடுத்துவிட்டார்கள், அவள் கண் விழித்துத் தங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னை உள்ளே விட்டார்கள். நல்ல செய்தியாகச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு என்ன நல்ல செய்தி தெரியும்? துணியெல்லாம் கொடியிலேயே கிடக்கிறது, அடுப்பை அணைத்தேனா என்று ஞாபகமில்லை, உன் கண்ணாடியைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அவள் தலைமாட்டில் இருந்த நெஞ்சுத்துடிப்பு மிஷின் கத்த ஆரம்பித்தது. என்னை வெளியே அனுப்பினார்கள், அது அடங்கியது. மறுபடி உள்ளே போனேன், மறுபடி கத்தியது. "மாப்பிள்ளை, நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம இருக்கிறதே அவளுக்கு மருந்து" என்றீர்கள். நான் மருந்தாகவே இருந்துகொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனதையும், புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததையும் தங்கள் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவளை எப்போது அனுப்புவது என்ற முடிவு தங்கள் கையில் இருக்கிறது. தாங்கள் அந்த விமானி மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். வானம் எப்படி? மழை விட்டுவிட்டது. சாலை எப்படி? பாலத்தைத் திறந்துவிட்டார்கள், பேருந்து நேராக வருகிறது. நோயாளி எப்படி? அதை டாக்டரிடம் கேளுங்கள். இந்த மூன்றைத் தவிர எதையும் பார்க்காதீர்கள். முக்கியமாக, என்னைப் பார்க்காதீர்கள். என் நிலைமையை எழுதினால் தங்கள் மனசு இளகி, அனுப்பக் கூடாத நேரத்தில் அவளை அனுப்பிவிடுவீர்கள். ஆகையால் எழுதமாட்டேன். இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுப் பாதியைத் தையற்காரர் வீட்டு நாய்க்குப் போடுவதைப் பற்றி எழுதமாட்டேன். அந்த நாய் இப்போது என் வாசலிலேயே படுத்துக் கிடப்பதையும் எழுதமாட்டேன். அதற்கு என்மேல் பிரியம் என்று தையற்காரர் சொல்கிறார், அது சோற்றுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். வெளியே போய்விட்டு வரும்போது கேட்டிலேயே ஒரு தடவை இருமுவேன், அதைக் கேட்டு அவள் உள்ளே தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள், வருஷக்கணக்கில் எங்களுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு. இப்போதும் கேட்டில் இருமிவிடுகிறேன். இருமிவிட்டு உள்ளே வந்து நானே தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். இது நிலைமையில் சேராது, பழக்கத்தில் சேரும்.

எடை கூடியதால்தான் அன்று எனக்கு ஹெலிகாப்டரில் இடம் இல்லாமல் போனது என்பதால், என் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவே கூடாது. வந்தால் எனக்கும் இடம் இருக்க வேண்டும். அவ்வப்போது பழைய எடைமேடையில் போய் நிற்கிறேன். அது லாரி நிறுக்கிற மேடை, பத்து பத்தாகத்தான் காட்டும், சில்லறை கிலோவை அது மதிக்காது. எழுபத்தாறுக்கும் எண்பது, எழுபத்தைந்துக்கும் எண்பது. புதிதாக வந்திருக்கிற பையன், "சார், மருந்துக்கடையில நல்ல மிஷின் இருக்கே" என்கிறான். எனக்கு இந்த மேடை சொன்னால்தான் நம்பிக்கை. இப்போதும் அந்த ஹெலிகாப்டர் எப்போதாவது எங்கள் தெருவுக்கு மேலே போகிறது. யார் வீட்டு ஆளையோ கொண்டுபோகிறது. செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அது மலையைத் தாண்டுகிறவரை நின்றுவிட்டு உள்ளே போகிறேன். இதுவும் என் நிலைமையில் சேருமா என்று தெரியவில்லை. சேரும் என்று பட்டால் இந்த வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள்.

டாக்டர் இன்னும் சில வாரம் என்றால் இன்னும் சில வாரம். நான் குறுக்கே நிற்கமாட்டேன், அங்கே வரவும் மாட்டேன், கொடுத்த வாக்கில் நிற்பேன். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு என் நன்றி. அவள் விழித்திருக்கிற நேரம் என்று ஏதாவது இருந்தால், நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
தராசு

பின்குறிப்பு: தபாலில் போடத்தான் கிளம்பினேன். போகிற வழியில் எடைமேடையில் ஏறி நின்றேன். எழுபது என்று காட்டியது, மச்சான். பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதன்பிறகு தபால்பெட்டியைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இதைப் பேருந்தில் வைத்து எழுதுகிறேன், கிறுக்கலை மன்னிக்கவும். ஆகவே கொடுத்த வாக்கு, வரமாட்டேன் என்றது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைத் தங்கள் வாசலில் நானே தங்கள் கையில் கொடுப்பேன். தாங்கள் நின்றபடியே படிக்கலாம். படித்து முடிக்கிறவரை நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டாம், பார்த்தால் முடிவு சாய்ந்துவிடும். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பழைய கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது, அதையும் எடுக்கமாட்டேன். தாங்கள் வேண்டாம் என்றால் அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது என் கையில் இல்லை. தங்கள் கேட்டைத் திறக்கும்போது எனக்கு இருமல் வந்துவிடும்.