விரிப்புக்கு அடியில் ஓடிய பந்து

பெருமதிப்பிற்குரிய மச்சான் கென்ஸோ அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் தொகுஜி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. சிள்வண்டுகள் காதைத் துளைக்கும் இந்த வெயிலில் தாங்களும் அக்காவும் சாயப்பட்டறை ஆட்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய தர்பூசணி உடையாமல் வந்து சேர்ந்தது. இங்கே நானும் தங்கள் தங்கை ஃபுசாயேயும் சுகம். எங்கள் பெண் சிஸுருவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அவள் வாயைத் திறந்து எதுவும் சொல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்தது எப்படிப் போயிற்று, கல்யாணம் பேசிவைத்த ஒகிசோ அம்மாள் டெலிபோனில் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நகோயாவில் பெரிய ஹோட்டலில் வைத்துக்கொள் என்று தாங்கள் சொன்னது உண்மை. சொந்தமாகக் காப்பிக்கடை வைத்திருப்பவன் அடுத்தவன் காப்பியைக் கொடுத்தா பெண்ணைக் காட்டுவது என்று நான் சொன்னதும் உண்மை. பெண் பார்க்க வருவதற்குள் அந்த மெஷினைத் தூக்கி வெளியே போடு என்று தாங்கள் சொன்னதும் உண்மைதான், அதற்கு வருகிறேன்.

அந்த மெஷினைத் தாங்கள் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு மேசைதான். மேலே கண்ணாடி, அதற்கு அடியில் ஒரு டெலிவிஷன் மல்லாந்து படுத்திருக்கும். படத்தின் ஒரு கோடியில் செங்கல் சுவர், மறு கோடியில் ஒரு சின்னக் கட்டை. குமிழைத் திருகினால் கட்டை இப்படியும் அப்படியும் நகரும். பந்து கட்டையில் பட்டுப் போய் ஒரு செங்கல்லை உடைத்துவிட்டுத் திரும்பி வரும், அதை மறுபடி தட்டிவிட வேண்டும். தவறவிட்டால் அந்தப் பந்து போயிற்று, ஒரு காசுக்கு மூன்று பந்து. கறுப்பு வெள்ளைப் படம், செங்கல்லுக்கு மட்டும் மேலே கலர்த் தாள் ஒட்டியிருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்பீர்கள். கொண்டுவந்தவனிடம் நானும் அதைத்தான் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் ஒரு காசை உள்ளே போட்டுவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனான். அவன் திரும்பி வந்தபோது நான் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். மற்றபடி நான் ஆடுவதில்லை. கடையைச் சாத்திய பிறகு சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பேன், அது முதலாளியின் கடமை.

எங்கள் கடையில் சோபா இருப்பது ஜன்னலோரத்தில் மட்டும்தான். அந்த சோபாக்களுக்கு நடுவே இருப்பதும் அந்த மேசைதான். வருகிற சம்பந்தி வீட்டாரை முக்காலியிலா உட்கார வைக்க முடியும்? அதனால் தாங்கள் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தீர்களே வெள்ளைப் பின்னல் விரிப்பு, அதை மெஷின்மேல் விரித்து, பூச்சாடி வைத்து, சர்க்கரைக் கிண்ணமும் வைத்தோம். பார்க்க லட்சணமாக இருந்தது. அணைக்க மட்டும் முடியவில்லை. சுவிட்ச் பெட்டிக்குள்ளே, சாவி காசு எடுக்க வருகிறவனிடம். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது பெரிய ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் ஆடாத நேரத்தில் ஆளை இழுப்பதற்காக அது தானே ஆடிக் காட்டும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பையன் மசாஹிகோ, அவன் தாயார் ஹோரிபே அம்மாள், ஒகிசோ அம்மாள் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். காப்பியும், சிவப்புப் பயறு இனிப்பு தடவிய ரொட்டியும் வைத்தோம். கோப்பைகளுக்கு அடியில் வெளிச்சம் மினுக் மினுக்கென்று ஓடுகிறது, பின்னல் ஓட்டைகள் வழியாகப் பந்து குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. மச்சான், ஒருவர், ஒரே ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஹோரிபே அம்மாள் மழையைப் பற்றிப் பேசினார். நான் அவர் பேசிய மழையைப் பற்றிப் பேசினேன். பையனும் சிஸுருவும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒகிசோ அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி அடக்கமான பிள்ளைங்களை எங்கங்க பாக்க முடியுது?” என்று உருகினார். பந்து சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் போய் மறைந்தபோது பையன் கிண்ணத்தை மெல்ல நகர்த்தினான். சற்று நேரத்தில் சிஸுரு பூச்சாடியை அவனுக்கு மறைக்காதபடி தள்ளி வைத்தாள். எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தறி ரிப்பேர் செய்கிற உஷிதா வந்தார். வாசலில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அதெல்லாம் வெளியாளுக்கு என்பது அவர் எண்ணம். ஆடுகிறவர் முடிக்கும்வரை காத்திருப்பவர்கள் மேசை ஓரத்தில் ஆளுக்கொரு நூறு யென் காசை வரிசையாக வைப்பது எங்கள் கடை வழக்கம். அவர் நேரே வந்தார், மேசையைச் சுற்றி ஆள் இருப்பதைப் பார்த்தார், சிஸுருவுக்கு முன்னால் விரிப்பின்மேல் ஒரு காசை வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அவர் பின்னாலேயே புத்தர் கோயில் பிக்கு வந்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, உஷிதாவின் காசுக்குப் பக்கத்தில் தன் காசை வைத்தார். ஹோரிபே அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒகிசோ அம்மாள் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில் கேட்டார்.

“இந்தப் பொண்ணுக்கு இன்னும் எத்தனை பேருங்க வரிசையில நிக்குறாங்க? சாமியார் கூடவா?”

காசைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மெஷின் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அது இல்லவே இல்லை என்று அத்தனை பேரும் அவ்வளவு நேரம் மரியாதையாக நடந்துகொண்ட பிறகு, நான் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? ஃபுசாயே என் காலை மிதித்தாள், நான் இன்னொரு தரம் மழையைப் பற்றிப் பேசினேன். அதற்குள் பையன் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு காசை எடுத்து, மற்ற இரண்டுக்கும் முன்னால் வைத்தான்.

“மன்னிக்கணும். இவங்களுக்கெல்லாம் முன்னாடியே வந்தவன் நான்” என்றான்.

அவன் தாயார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதில் என்பது நாலு நாள் கழித்து ஒகிசோ அம்மாள் வழியாக, சுற்றி வளைத்து வர வேண்டியது. இவன் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான் என்று ஒகிசோ அம்மாள் கை தட்டிவிட்டார். இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடலாம், இனி சிறுசுகள் தனியாகப் பேசட்டும் என்று எங்களையெல்லாம் வெளியே தள்ளினார். பிக்கு உட்பட எல்லோரும் வெயிலில் நின்றோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹோரிபே அம்மாளும் கண்ணாடியில் மூக்கு பதியப் பார்த்தார். உள்ளே விரிப்பு ஒரு பக்கம் கிடக்கிறது, பையன் கை குமிழில், கண் பந்தில். எதிரில் என் பெண்ணும் குனிந்தபடி. ஒரு வார்த்தை பேசவில்லை மச்சான்.

எல்லோரும் போன பிறகு அவளைக் கேட்டேன். “அவர் பொறுமையா ஆடுறாருப்பா” என்றாள். இதெல்லாம் ஒரு பதிலா? அவன் சம்மதம் சொன்னது என் மேசைக்கு. எனக்கு இருப்பது ஒரே பெண். என்னோடு நின்று காப்பி வடித்தே வளர்ந்தவள். நிமிர்ந்து அவள் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவனோடு அவளை அனுப்பிவிட்டு, வீட்டில் என்ன செய்கிறாளோ, யாரோடு பேசுகிறாளோ என்று காலமெல்லாம் கிடந்து தவிக்க என்னால் முடியாது. ஆகையால், தகுதிக்கு மீறிய சம்பந்தம், எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று யாருக்கும் மனம் நோகாமல் தாங்களே ஒகிசோ அம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக் காலை மெஷினை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் இந்தத் தெருப் பக்கம் தலை காட்டினால் என்னைக் கேளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தங்கள் பட்டறைச் சாயம் என்றும் வெளுக்காமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தொகுஜி

பி.கு: தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் தள்ளிவிட்டது. மெஷின் காலையில் போயிற்று. மத்தியானம் அந்தப் பையன் வந்தானாம். அந்த இடத்தில் வெறும் மேசை. மெஷின் எங்கே என்று அவன் கேட்கவே இல்லையாம். உட்கார்ந்து காப்பி சொல்லிவிட்டு சிஸுருவிடம், “இப்பதாங்க நிமிந்து பாக்க முடியுது” என்றானாம். காப்பி ஆறி, ரொட்டி காய்ந்து, இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். ஆகையால் ஒகிசோ அம்மாளிடம் தயவுசெய்து எதையும் சொல்ல வேண்டாம். இதெல்லாம் ஃபுசாயே ஓடிவந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் கடையில் இல்லை. இந்தத் தொல்லை ஊரில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்காக ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்கலாமே என்று நானும் ஓரத்தில் ஒரு காசை வைத்தேன். தலையைத் தூக்காமலே ஹோரிபே அம்மாள் சொன்னார்: “கொஞ்சம் பொறுங்க சம்பந்தி, எனக்கு இன்னும் ஒரு பந்து இருக்கு.”