கொசுக்கடியின் நான்கு இதழ்கள்

காரைக்காலில் யாருக்கும் பயப்படாதவர்கள்கூட, கொசுக்கடி அண்ணன் எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அவர் நடத்திய கேலிப் பத்திரிகையின் பெயர்தான் கொசுக்கடி. பிறகு அவர் பெயரும் அதுவே ஆகிவிட்டது. வந்தது நான்கே இதழ்கள். எல்லாம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஜெராக்ஸ் கடையில் நான் நகலெடுத்தவை.

முதல் இதழில், கல்லாவிலேயே தூங்கும் பிரியாணிக் கடை பாய் நாற்காலியோடு சாய்வதாக எழுதினார். ஊரே சிரித்தது. அந்த வாரமே பாய் சாய்ந்தார்.

அடுத்த இதழில், ஒரு தலைவரின் பேச்சைத் தாங்காமல் மைக் மேடையை விட்டு இறங்கிப் போவதாகக் கேலி. மறுநாள் கூட்டத்தில் மைக் தானாகச் சரிந்து, படிப்படியாக உருண்டு, சாலையில் போய் நின்றது. காற்றே இல்லை. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

பாய் அண்ணனைத் தேடி எங்கள் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, நம்மளப் பத்தி எழுதுனா கொஞ்சம் நல்லதா எழுதுங்க."

"நல்லதா எழுத எனக்கு வராதுங்க பாய்."

இருந்தும் முயன்றார். மூன்றாவது இதழில், 'பாய் கடைப் பிரியாணியில் கறி கிடைத்தது' என்று போட்டார். போய்ச் சாப்பிட்டேன். கறி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதன்பிறகுதான் கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்திலிருந்து செல்வி வந்தாள். கடலுக்குப் போன புருஷனின் படகு திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்காரரக் கேலி பண்ணி எழுதுங்கண்ணே."

"அவரு என்னம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. கரையில வந்து நிக்கிற மாதிரி எழுதுங்க. எவ்வளவு அசிங்கமா வேணாலும் எழுதுங்க."

நின்றுகொண்டே ஒரு பக்கம் எழுதும் மனிதர், அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒரே வரி எழுதினார். 'செல்வியின் வீட்டுக்காரர் சொந்தப் படகைத் தொலைத்துவிட்டு, ஊரான் படகில், இரவல் வாங்கிய பூப்போட்ட கைலியில் வந்து இறங்கி, பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார்.' செல்வி அதைப் படித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் நிற்காமல் ஒழுகியது.

அந்த வரியோடு நான்காவது இதழ் வந்து இரண்டு நாள் கழித்து, நாகப்பட்டினத்துப் படகிலிருந்து அவள் வீட்டுக்காரர் இறங்கினார். கைலியில் பூ இருந்தது. குப்பமே சிரித்தது.

அண்ணன் மட்டும் சிரிக்காமல் எங்கள் கடைக்கு வந்தார். "போதும் தம்பி. நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. எழுதியும் அவ புருசன் வரலன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

அதோடு பத்திரிகை நின்றது. அந்தக் கடைசி இதழின் மூலையில் என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு. 'வாயே திறக்காத ஜெராக்ஸ் கடைத் தம்பி, ஒருநாள் ஒரு பக்கம் முழுக்கப் பேசிவிட்டுத்தான் ஓய்வார்.'

பேசிவிட்டேன். அண்ணனுக்காக இந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்தால் பயந்துவிடுவாரே என்றுதான் இன்னும் கொடுக்கவில்லை.