ரெண்டு ஸ்டாருக்கு ஏங்கியவர்

மாடி அறையை மீட்டே தீருவது என்று பெயில் சார் சபதம் எடுத்தபோது அவர் கையில் நூல்கண்டு இருந்தது. தையல் மெஷினிலிருந்து மனைவி "பச்சை" என்றால் பச்சையை நீட்ட வேண்டும். "ஊதா" என்றால் ஊதா. ரிட்டயர் ஆனதும் அவருக்குக் கிடைத்த பதவி இதுதான்.

பெயில் சார் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு நடத்தும் அதிகாரியாக முப்பத்தோரு வருஷம் இருந்து சம்பாதித்த பெயர். எட்டுப் போடச் சொன்னால் ஒன்பது குற்றம் கண்டுபிடிப்பார். ஒழுங்காக ஓட்டி முடித்தவனைக்கூட, இறங்கும்போது கதவைச் சாத்திய விதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ரிட்டயர் ஆனதும் மாடி அறை தனக்கு என்று பல வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நாலு ரோடு சந்திப்பு முழுக்கத் தெரியும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, சிக்னலை மதிக்காமல் போகிறவனையெல்லாம் மனசுக்குள் பெயிலாக்கலாம். வேறு ஆசையே அவருக்குக் கிடையாது. ஆனால் கடைசி நாள் அலுவலகத்திலிருந்து மாலையோடு வீட்டுக்கு வந்தால், மாடியில் புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை. நாற்காலி கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் நாலு நாள் தங்க இடம் பிடிக்கிற மொபைல் ஆப்பில் மனைவி அறையைப் போட்டுவிட்டாள்.

அந்த ஆப்பில் ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர் வந்தவருக்கு அஞ்சு ஸ்டார் வரைக்கும் மார்க் போடலாம். வந்தவரும் வீட்டுக்காரருக்கு மார்க் போடலாம். முதல் பாதி பெயில் சாருக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது பாதியைக் கேட்டதும் ரத்தம் கொதித்தது. பரீட்சை எழுத வந்தவன் வாத்தியாருக்கு மார்க் போடுவதா, உலகம் உருப்படுமா என்று கால் மணி நேரம் கத்தினார். மனைவி ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முப்பத்தோரு வருஷத்துல உங்களுக்கு யாராவது மார்க் போட்டிருக்காங்களா?"

"எனக்கு எவன் போடறது?"

"அதான் இப்படி ஆயிட்டீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமையில் இன்னொன்றும் சொன்னாள். தான் தைத்த ஜாக்கெட்டில் ஒருத்தி ஒரு குறை சொன்னதில்லையாம். அறையும் அப்படித்தானாம். "ஒரே ஒரு ஆள் ரெண்டு ஸ்டார் போடட்டும், அன்னிக்கே ரூமை மூடி சாவியை உங்க கையில குடுத்துடறேன்."

பெயில் சார் கையிலிருந்த நூல்கண்டு உருண்டோடியது. அவர் எடுக்கப் போகவில்லை. ஒரே ஒரு ரெண்டு ஸ்டார். ஊரையே பெயிலாக்கினவருக்குச் சொந்த வீட்டைப் பெயிலாக்கத் தெரியாதா?

முதலில் வந்தவர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். மூணு நாள். பெயில் சார் தினமும் விடிவதற்கு முன்னாலேயே மாடியேறிக் கதவைத் தட்டினார். தட்டினார் என்றா சொன்னேன், இடித்தார். அந்த மனிதர் தலையெல்லாம் கலைந்து கதவைத் திறப்பார். "மணி அஞ்சரை" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கிவிடுவார். எந்த மனுஷன் இதைப் பொறுப்பான்?

ரிவ்யூ வந்தது. அஞ்சு ஸ்டார். தனக்கு எந்த அலாரமும் காதில் விழாது என்றும், இந்த வீட்டுப் பெரியவர் பெற்ற தகப்பனைப்போல் எழுப்பிவிட்டதால் மூணு நாளும் முதல் பஸ்ஸைப் பிடித்ததாகவும் அவர் உருகி எழுதியிருந்தார். மனைவி அதை ரெண்டு தடவை வாய்விட்டு வாசித்தாள். "தகப்பன்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாள்.

பெயில் சார் அசரவில்லை. அட்டை வாங்கினார், மார்க்கர் வாங்கினார். ஆபீஸில் எழுதின கையெழுத்தில் இருபத்தேழு விதிகள் எழுதிக் கதவிலும் சுவரிலும் ஒட்டினார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது. பாத்ரூமில் பாடக் கூடாது. செருப்பு இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மனைவி மாடிக்குப் போய் எல்லாவற்றையும் படித்தாள். கிழித்துவிடுவாள் என்று பார்த்தால், இறங்கி வந்து போனை எடுத்து ஏதோ தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது ஒரு ஜோடி. கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும். போன மறுநாளே அந்தப் பெண் எழுதிவிட்டாள். ஈரத் துண்டு விஷயமாகத் தானும் கணவரும் சண்டை போடாத நாளே கிடையாதாம். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவர் வாயைத் திறக்காமல் துண்டைக் கொடியில் போட்டாராம். இருபத்தேழையும் போட்டோ எடுத்துப் போயிருக்கிறாள், வீட்டில் ஒட்ட. அஞ்சு ஸ்டார். ஆறு இருந்தால் ஆறு போட்டிருப்பாளாம்.

பெயில் சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. என்ன ஜனங்கள் இவர்கள்? திட்டினால் நன்றி சொல்கிறார்கள். இவரிடம் பெயிலானவர்களில் ஒருத்தனாவது நன்றி சொன்னானா?

மூணாவதாக வந்தது ஒரு பல் டாக்டர் பெண். ஒரு வாரம். கொஞ்சம் பயந்த சுபாவம். ஆஸ்பத்திரி டிரைவர் கொண்டுவந்து விட்ட காரை வாசலில் தானே சரியாக நிறுத்திப் பார்க்கிறேன் என்று முயன்று, பூந்தொட்டியை உடைத்துவிட்டாள். பெயில் சாருக்கு உயிர் வந்தது. முப்பத்தோரு வருஷ அனுபவம் மொத்தமும் எழுந்து நின்றது.

விளக்குமாறைத் தரையில் வைத்து, சக்கரம் இதைத் தாண்டக் கூடாது என்றார். தாண்டியது. திரும்ப நிறுத்தச் சொன்னார். முதல் நாள் பதினோரு தடவை. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். கண்ணாடியைப் பார்க்காமல் பல்லைப் பார்த்துப் பழகினால் இப்படித்தான் என்று அவளிடமே சொன்னார். அவள் கண் கலங்கிற்று. மறுநாளும் காலையில் விளக்குமாறோடு நின்றார். அதற்கு மறுநாளும். ஆறாம் நாள் அவள் விளக்குமாறைத் தொடாமல் நிறுத்தியபோதுகூட, "ஹார்ன் அடிச்ச சத்தம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

கிளம்பும்போது அவள் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரிவ்யூவில் மனசில் பட்டதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் வீட்டுக்காரருக்கு மார்க் போடுவது எவ்வளவு நல்ல முறை என்று விளக்கினார். "பயப்படாதம்மா. ரெண்டு பேரும் எழுதற வரைக்கும் யாரு எழுதினதும் யாருக்கும் தெரியாது. நீ பாட்டுக்கு எழுது."

"கண்டிப்பா எழுதறேன் சார்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். பெயில் சார் அன்று கொல்லையிலிருந்த நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள் காலை மனைவியின் போனில் தகவல் வந்தது. கெஸ்ட் எழுதிவிட்டார், நீங்களும் எழுதினால் படிக்கலாம் என்று. மனைவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலர் வெட்ட ஆரம்பித்தாள். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுது என்றார். காலர் முடியட்டும் என்றாள். காலர் முடிந்தது. கை இருக்கிறது என்றாள். பட்டன் இருக்கிறது என்றாள். மத்தியானம்வரை அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எதுக்குங்க இவ்வளவு அவசரம்?"

"ச்சும்மா. பாவம், அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எழுதுகிறேன், ஆனால் ஒரு கணக்குத் தீர்ந்தாக வேண்டும் என்றாள். ரெண்டு ஸ்டார் வந்தால் சாவி அவருக்கு. அதற்கு மேல் வந்தால் மாடி அறையைப் பற்றி அவர் இனி மூச்சு விடக் கூடாது, ஆப்பில் அவள் என்ன எழுதினாலும் ஏனென்று கேட்கக் கூடாது. பெயில் சார் துள்ளிக்கொண்டு சம்மதித்தார். வெறும் வாய்ச்சொல் போதாது என்று அவரே ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

மனைவி நாலு வரி தட்டினாள். அந்தப் பக்கம் எழுதியது திறந்தது.

அஞ்சு ஸ்டார். லைசென்ஸ் தேர்வில் மூணு தடவை பெயிலானவளாம். இந்த வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போய் நாலாவது தடவை ஒரே மூச்சில் பாஸாகிவிட்டாளாம். சாரிடம் திட்டு வாங்கின பிறகு எந்த அதிகாரியைப் பார்த்தும் பயமே வரவில்லையாம். தம்பியையும் அனுப்புகிறாளாம்.

பெயில் சார் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். இப்படி ஒரு விபரீதம் எப்படி மூணு தடவை நடக்கும் என்று அவருக்குப் புரியவில்லை. வாய்விட்டே கேட்டார்.

"முதல் ஆளு தற்செயல்" என்றாள் மனைவி. "மத்த ரெண்டும் ரூம் கேட்டவங்கள்ல நான் பொறுக்கினது. அவங்க முன்னாடி தங்கின வீட்டுக்காரங்க எழுதினதை நீங்க படிக்கறதே இல்லையே. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டு மெத்தையைக் கெடுத்தாங்கன்னு அந்த ஜோடிக்கு எழுதியிருந்துச்சு. இந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா எங்க கேட்டை இடிச்சிட்டான்னு எழுதியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் எழுதினாத்தானேங்க யாருக்கு எது பொருந்தும்னு தெரியும்."

"நான் காரைப் பிடிச்சுக்குவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவைத் தட்டியாச்சு. அட்டை ஒட்டியாச்சு. அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரிஞ்சது வேற என்ன இருக்கு?"

அந்தப் பெண் காலையிலேயே போன் பண்ணி எல்லாம் சொல்லிவிட்டாள் என்பதையும் மனைவி மறைக்கவில்லை. பெயில் சார் எழுந்து தன் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தார். தேதி, நேரம் எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. மனைவி அதற்குள் போனில் அறையின் விளம்பரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்ததால் கேட்காமல், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

வசதிகள்: வெந்நீர், வைஃபை, கார் நிறுத்த இடம், கணவர்.